நாய்க்குட்டியும் நல்வழக்கமும்

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு அழுக்கை நாடியே ஓடும் என்னும் கருத்துடைய பழமொழி ஒன்று தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவருகின்றது. தீயோர் குணம் எளிதில் மாறாது என்பதை உணர்த்த எழுந்த உவமை அது. அவ்வுவமை மனிதர்க்குப் பொருந்தலாம். ஆயின், நாய்க்குப் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. நாய் இயல்பாகவே தூய்மையற்ற விலங்கா? வீட்டின் தரையை அழுக்காக்கும் நாய்க்குட்டி தன் பிறவிக் குணத்தால் அவ்வாறு செய்கின்றதா? அன்றி, வளர்ப்போர் கற்பிக்கத் தவறியதனால் செய்கின்றதா? இவ்வினாக்களுக்கு விடை காணாமல் நாயின்மேல் பழி சுமத்துவது முறையன்று.

தமிழ் மக்கள் நாயை இகழ்ந்ததோடு நின்றாரல்லர், போற்றியும் இருக்கின்றனர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உள்ளது. அது பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில், ஏழாம் நூற்றாண்டில், நடப்பட்டது. தன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் உயிர் நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவமும், அருகே அவனுடைய நாயின் உருவமும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு கூறுகின்றது. ஒரு நாயின் பெயரைக் கல்லில் பொறித்து வைத்த மக்கள், அதன் பண்பை நன்கு அறிந்தவராகவே இருத்தல் வேண்டும்.

நாய் வளர்ப்பில் புகழ்பெற்ற பகுதிகளுள் ஒன்று கோவிற்பட்டியைச் சூழ்ந்த கரிசற்காடு. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் எட்டயபுரத்தைக் கடந்தால் எப்போதும்வென்றான் என்னும் ஊர் வருகின்றது. அப்பக்கம் முழுவதும் பரந்த மானாவாரிப் புஞ்சை. பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, சோளம், கம்பு, மிளகாய் ஆகியவை அம்மண்ணில் விளைகின்றன. மரம் அடர்ந்த காடு இல்லாத வெட்டவெளி ஆதலின், தொலைவில் ஓடுவதைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிக்கும் வேட்டை நாய்களே அந்நிலத்திற்கு ஏற்றவையாயின. கன்னி என்னும் இனமும், சாத்தூர்ப் பக்கத்துச் சிப்பிப்பாறையின் பெயரைத் தாங்கிய இனமும் அத்தகையவை. நீண்ட கால், ஒட்டிய வயிறு, கூர்ந்த முகம், மெல்லிய வால் ஆகியவை அவற்றின் அடையாளங்கள். மணமகளுக்குரிய சீர்வரிசையுடன் இந்நாய்க்குட்டியையும் கொடுத்தனுப்பும் வழக்கம் இருந்தது என்றும், அதனாலேயே கன்னி என்னும் பெயர் அமைந்தது என்றும் கூறுவர்.

கரிசற்காட்டு வீட்டில் நாய்க்குட்டிக்கு இடந்தூய்மையை யாரும் தனியே கற்பித்ததில்லை. அதற்குத் தேவையும் எழவில்லை. வீட்டின் முன்னே முற்றம், பின்னே தொழு, அதற்கு அப்பால் சோளத்தட்டைப் படப்பு, படப்பைக் கடந்தால் களமும் புஞ்சையும். தாய் நாய் தொழுவின் ஓரத்திலோ படப்பின் அடியிலோ குட்டி ஈனும். கண் திறந்து நடை பழகிய குட்டிகள் தாயின் பின்னே சென்று, படுக்கும் இடத்தை விட்டு விலகி, வெளியே மண்ணில் கழித்துவிட்டு வரும். கதவு இல்லை, காத்திருத்தல் இல்லை, ஆதலின், குற்றமும் இல்லை. இயற்கையே அங்கு ஆசிரியனாய் இருந்தது.

காலம் மாறியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. வேட்டைத் துணையாய் இருந்த நாய்கள் வீட்டுக் காவலுக்கும் தோழமைக்கும் உரியவை ஆயின. 2005ஆம் ஆண்டு சனவரியில் இந்திய அஞ்சல் துறை இந்நாட்டு நாயினங்களுக்கு அஞ்சல்தலைகள் வெளியிட்டபோது, இராசபாளையம் நாயும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் இந்தியத் தலைமை அமைச்சர் தம் வானொலி உரையில் இராசபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய தமிழ்நாட்டு இனங்களைப் பெயர் கூறிப் பாராட்டினார். இந்நாட்டு நாய்களை விரும்பி வளர்ப்போர் நகரங்களிலும் உளர். கரிசல் மண்ணில் பிறந்த குட்டி, பிறந்த இரண்டே மாதத்தில் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ அடுக்குமாடி வீட்டின் வழுவழுப்பான தரையில் கொண்டுபோய் விடப்படுகின்றது. கரிசற்காட்டு ஊர்களிலும் மண் தரை மறைந்து, சிமெண்டுத் தரையும் பூட்டிய கதவும் வந்துவிட்டன.

அத்தரையில் குட்டி சிறுநீர் கழித்தவுடன் வீட்டில் கூச்சல் எழுகின்றது. ஒரு நாள் அடி, மறுநாள் உதை, சில வாரங்களில், "இது திருந்தாத நாய்" என்னும் தீர்ப்பு. பின்னர் ஒருநாள் இரவில் அது தொலைவான தெருவிலோ நெடுஞ்சாலை ஓரத்திலோ விடப்படுகின்றது. பட்டினியாலும் தாகத்தாலும் துன்புறுமாறு ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுதல், 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டப்படி குற்றமாகும். சட்டம் ஒருபுறம் இருக்க, கற்பிக்காத பாடத்தில் தேறவில்லை என்று ஓர் உயிரைத் தண்டிப்பது அறமா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிறவி இயல்பு

பிறந்த நாய்க்குட்டிக்குக் கண் தெரியாது, காது கேளாது. தானாகச் சிறுநீர் கழிக்கவும் அதற்கு இயலாது. தாய் தன் நாவால் வருடிக் கொடுத்தால்தான் கழிவு வெளிப்படும். அவ்வாறு வெளிப்பட்டதையும் தாயே நக்கித் தூய்மை செய்துவிடும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் கண் திறக்கின்றது. மூன்றாம் வாரத்தில் குட்டி தள்ளாடி நடக்கத் தொடங்குகின்றது. அப்போதே அது செய்யும் முதற்காரியங்களுள் ஒன்று, படுக்கையை விட்டுச் சில அடி நகர்ந்து சென்று கழிப்பதாகும். யாரும் சொல்லிக் கொடாமலே, உண்ணும் இடத்தையும் உறங்கும் இடத்தையும் அழுக்காக்கலாகாது என்னும் உணர்வு அதனிடம் அமைந்திருக்கின்றது. இதனினும் சிறந்த சான்று வேறு என்ன வேண்டும்? தூய்மை உணர்வு நாய்க்கு இயல்பாகவே உண்டு. பழமொழி உவமைக்காகக் கூறியதை உண்மை என்று கொள்ளுதல் கூடாது.

அவ்வாறாயின், குட்டி வீட்டிற்குள் ஏன் கழிக்கின்றது? அது தன் படுக்கையை அறியும், வீட்டை அறியாது. கூடம், சமையலறை, படுக்கையறை எல்லாம் ஒரே குடும்பத்தின் உறைவிடம் என்பது மனிதர் வகுத்த எல்லை. குட்டியின் கணக்கில், படுத்திருக்கும் சாக்கிலிருந்து பத்தடி தள்ளி இருக்கும் கூடத்து மூலை வெளியிடமே. அது நகர்ந்து சென்று அங்கே கழிக்கும்போது, தன் அறிவுக்கு எட்டிய நல்லொழுக்கத்தையே கடைப்பிடிக்கின்றது. ஆதலின், வளர்ப்போர் செய்யவேண்டுவது புதிய குணம் ஒன்றை ஊட்டுவதன்று. உள்ள குணத்தின் எல்லையைப் படுக்கையிலிருந்து வீட்டு வாயில் வரை விரித்துக் கொடுப்பதேயாகும்.

அமெரிக்க நாட்டு அறிஞர்களாகிய ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்னும் இருவர் மெயின் மாநிலத்துப் பார் ஹார்பரில் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து, 1965ஆம் ஆண்டில் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள பருவமே குட்டியின் பிற்கால நடத்தைக்கு அடித்தளம் என்று அவர்கள் காட்டினர். எட்டு, ஒன்பது வார அளவில் குட்டி, கழிப்பதற்கென ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளத் தொடங்குகின்றது. எந்தத் தரையில் அப்போது பழகுகின்றதோ, அந்தத் தரையையே அதன் பாதம் பின்னரும் நாடுகின்றது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது மனிதர்க்கு மட்டும் உரிய மொழியன்று.

இடமும் மண்ணும்

பழக்குதலில் முதற்படி இடத்தைத் தேர்ந்துகொள்ளுதல். வீட்டிற்கு வெளியே, நாள்தோறும் எளிதில் செல்லத்தக்க ஓர் இடத்தை வரையறுத்து, ஒவ்வொரு முறையும் அங்கேயே குட்டியை அழைத்துச் செல்லவேண்டும். இன்று கொல்லை, நாளை தெரு என்று மாற்றலாகாது. நாய் உலகைக் கண்ணால் அறிவதினும் மூக்கால் மிகுதியாக அறிகின்றது. முன்னாள் கழித்த இடத்தின் மணம் மனிதர்க்குத் தோன்றாத நிலையிலும் அதற்குத் தெளிவாகத் தோன்றும். அம்மணமே, "இங்குதான்" என்று அதற்கு நினைவூட்டும் பலகையாகும். கூடத்துத் தரையில் எஞ்சிய மணமும் அதே வேலையைச் செய்யும் என்பதை மறத்தல் கூடாது.

கரிசற்காட்டிலிருந்து நகரத்திற்குச் செல்லும் குட்டிக்கு ஓர் எளிய உதவி செய்யலாம். அதன் பாதம் அறிந்தது மண். சிமெண்டும் சலவைக்கல்லும் அன்று. ஆதலின், அது பிறந்த இடத்து மண்ணைச் சிறிது உடன் எடுத்துச் செல்லுதல் நன்று. அகன்ற ஒரு தட்டிலோ, தாழ்ந்த மரப்பெட்டியிலோ அம்மண்ணை நான்கு விரற்கடை உயரம் பரப்பி, மாடத்தின் ஒரு கோடியிலோ மொட்டை மாடியிலோ வைக்கவேண்டும். குட்டி தான் அறிந்த மண்ணை மோந்து, தயக்கமின்றி அங்கே கழிக்கும். சில வாரங்களில் அப்பெட்டியை வாயிலை நோக்கிச் சிறிது சிறிதாக நகர்த்தி, இறுதியில் கீழே மரத்தடி மண்ணிற்கு அதனைக் கொண்டு சென்றுவிடலாம். பழைய செய்தித்தாளை விரித்துப் பழக்குவோரும் உளர், அது தவறன்று. ஆயின், தாளில் கழிக்கப் பழகிய நாய் பின்னர்க் கீழே கிடக்கும் தாள்களை எல்லாம் அவ்வாறே கருதக்கூடும். மண்ணில் பழகியது மண்ணையே நாடும்.

கரிசல் ஊர்களில் உள்ளோர்க்கும் ஒரு கவனம் தேவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் குழைந்து களியாகிக் காலில் அப்பும். குட்டியின் விரல்களுக்கிடையே அது இறுகிக்கொண்டால், வெளியே செல்லவே அது அஞ்சும். மழைக்காலத்தில் கூரைச் சார்ப்பின் கீழோ மேடான இடத்திலோ உலர்ந்த மணல் பரப்பி, அதனையே இடமாகக் கொள்ளலாம். கோடையில் அம்மண் பாளம் பாளமாக வெடித்து, நண்பகலில் கொதிக்கும். நிழலுள்ள இடத்தைத் தேர்தல் அப்போது இன்றியமையாதது. வெயிலில் பாதம் சுடுவதால் உள்ளே ஓடிவரும் குட்டியைக் குறை கூறுவது பொருந்தாது.

காலம் அறிதல்

இடம் அறிந்தபின் காலம் அறியவேண்டும். சிறுநீரை அடக்கும் ஆற்றல் குட்டிக்கு உடனே வருவதன்று. அதன் வயதை மாதக் கணக்கில் எடுத்து, அதனுடன் ஒன்று கூட்டினால் வரும் எண்ணிக்கையான மணிநேரம் அதனால் அடக்க முடியும் என்பது அனுபவமுடையோர் கூறும் பொதுக்கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு அது மூன்று மணிநேரம், அதுவும் மேல்வரம்பேயாகும். விழித்து விளையாடும் நேரத்தில் அந்த அளவு இன்னும் குறையும். எட்டு வாரக் குட்டியைக் காலையில் உள்ளே அடைத்துவிட்டு மாலையில் வந்து கதவைத் திறப்பவர், தரை நனைந்திருப்பதைக் கண்டு வியப்பதற்கு யாதுமில்லை. அங்கே பிழை செய்தது குட்டியன்று. கடிகாரத்தைப் பார்க்கத் தவறியவரே.

உறங்கி எழுந்தவுடன் ஒரு முறை. உணவு உண்ட சில நிமிடங்களில் ஒரு முறை. விளையாடி முடித்தவுடன் ஒரு முறை. இரவில் படுக்கைக்குச் செல்லுமுன் ஒரு முறை: இந்நான்கு வேளைகளிலும் குட்டியைத் தவறாது வெளியே அழைத்துச் செல்லவேண்டும். இவற்றிற்கு இடையே இரண்டு மணிக்கு ஒரு முறையும் செல்லுதல் நன்று. தொடக்கத்தில் நள்ளிரவிலும் ஒரு முறை எழவேண்டியிருக்கும். இவற்றையன்றி, குட்டி தானும் குறிப்புக் காட்டும். விளையாட்டை இடையில் நிறுத்தும். தரையை மோந்துகொண்டே வட்டமிடும். கதவருகே சென்று முனகும். அக்குறிப்பை அறிந்து உடனே எழுபவரே நல்ல ஆசிரியர். குட்டிக்கு மொழி இல்லை. ஆயின், சொல்லுவதற்குச் செய்தி உண்டு.

உணவு வயிற்றில் விழுந்தவுடன் குடல் அசையத் தொடங்குவது உயிர்களின் இயல்பு. ஆதலின், உணவு வேளை ஒழுங்காயின் கழிவு வேளையும் ஒழுங்காகும். இளங்குட்டிக்கு நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு வேளை, குறித்த நேரத்தில் உணவு அளிக்கவேண்டும். வளர வளர அதனை இரண்டு வேளையாகக் குறைக்கலாம். வருவோர் போவோர் எல்லாம் முறுக்கும் பலகாரமும் ஊட்டினால், அதன் வயிற்றுக் கணக்கை ஒருவராலும் அறிய இயலாது. பால் மறந்த குட்டிக்குப் பசும்பாலை மிகுதியாகக் கொடுப்பின் சிலவற்றிற்குக் கழிச்சல் உண்டாகும், பழக்கமும் குலையும். எனினும், தரை நனையும் என்று அஞ்சிக் குடிநீரை நிறுத்துதல் கூடாது. கரிசற்காட்டு வெயிலில் அது பெருங்கேடு.

கவனிக்க ஆள் இல்லாத சிறுபொழுதுகளில் குட்டியை வீடு முழுவதும் திரியவிடலாகாது. கோழி அடைக்கும் பஞ்சாரம் ஒன்று பெரும்பாலான கரிசல் வீடுகளில் இருக்கும். குட்டி எழுந்து நின்று, திரும்பி, நீட்டிப் படுக்கும் அளவு இடமுள்ள பஞ்சாரத்தின் அடியில் சாக்கு விரித்து, நிழலில் அதனை விட்டுவைக்கலாம். நகரத்தில் கம்பிக்கூண்டு அவ்வேலையைச் செய்கின்றது. தன் படுக்கையை அழுக்காக்க விரும்பாத குட்டி, அங்கே இருக்கும் வரை சற்று அடக்கிக்கொள்ளும். வெளியே விட்டவுடன் உரிய இடத்திற்கு அழைத்துச் சென்றால் அங்கே கழிக்கும். ஆனால், அது பழக்கும் கருவியே அன்றிச் சிறைச்சாலை அன்று. நெடுநேரம் அடைத்துவைத்தால், வேறு வழியின்றித் தன் படுக்கையிலேயே கழிக்கும். அவ்வாறு சில முறை நிகழின், பிறவியில் அமைந்த தூய்மை உணர்வே மழுங்கிப்போகும். பின்னர் அதனை மீட்பது அரிது.

பாராட்டும் சினமும்

உரிய இடத்தில் கழித்து முடித்தவுடன், அந்த நொடியிலேயே, குட்டியைத் தடவிக்கொடுத்து இன்சொல் கூறி, ஒரு சிறு துண்டு உணவு அளிக்கவேண்டும். வீட்டிற்குள் வந்தபின் அளித்தால், வீட்டிற்குள் வந்ததற்கே பரிசு என்று அது எண்ணும். செயலுக்கும் பயனுக்கும் இடையே காலம் நீளின், அவ்விரண்டின் தொடர்பை அதனால் உணர இயலாது. கழிக்கும்போது ஒரே சொல்லை நாள்தோறும் மெல்லக் கூறிவந்தால், நாளடைவில் அச்சொல்லைக் கேட்டவுடனே அது கழிக்கப் பழகும். உருசிய நாட்டு அறிஞர் இவான் பாவ்லோவ், உணவுக்கு முன் ஓர் ஒலியைத் தொடர்ந்து எழுப்பிவந்தால் பின்னர் அவ்வொலி கேட்ட அளவிலேயே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறுவதைக் கண்டறிந்தார். செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர் அவர். ஓர் ஒலியும் ஓர் உடற்செயலும் பழக்கத்தால் பிணைக்கப்படும் என்பது அவர் காட்டிய உண்மை.

பிழை செய்த குட்டியை அடித்தலும், அதன் மூக்கைக் கழிவில் தேய்த்தலும் பலர் கையாளும் முறைகள். இவற்றால் விளையும் பயன் யாது? காலையில் கழித்ததற்கு மாலையில் அடிபடும் குட்டி, எதற்காக அடி என்பதை அறியாது. அடித்தவரை மட்டும் அறியும். கழிக்கும் நேரத்திலேயே அடிபட்டாலோ, மனிதர் முன்னிலையில் கழித்தல் ஆபத்து என்று கற்றுக்கொள்ளும். பின்னர் வெளியே அழைத்துச் சென்றாலும் அவர் எதிரே கழிக்காது; உள்ளே வந்து கட்டிலின் அடியில் மறைவாகக் கழிக்கும். "திட்டியவுடன் தலை கவிழ்கின்றதே, குற்றம் செய்ததை அது உணரவில்லையா?" என்று சிலர் வினவுவர். அமெரிக்க அறிஞர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை உள்ளது. குற்றம் செய்யாத நாயும், உரிமையாளர் கடிந்தபோது அவ்வாறே தலை கவிழ்ந்து நின்றது. அஃது அச்சத்தின் குறியேயன்றிக் குற்றவுணர்வின் சான்று அன்று.

ஆதலின், உள்ளே கழிக்கத் தொடங்கும் குட்டியைக் கண்டால், மெல்லக் கைதட்டி அதன் கவனத்தைத் திருப்பி, உடனே தூக்கிக்கொண்டு வெளியே செல்லவேண்டும். அங்கே முடித்தால் பாராட்டவேண்டும். கழித்து முடித்தபின் கண்டால், ஒன்றும் பேசாமல் தரையைத் தூய்மை செய்வதே செயத்தக்கது. எப்போதும்வென்றான் என்பது அழகிய ஊர்ப்பெயர். என்றும் வெற்றி பெறுபவன் யார் என்று கேட்டால், தன் சினத்தை வென்றவன் என்றே விடை கூறவேண்டும். நாயை வெல்ல முயல்பவன் தோற்கின்றான். தன்னை வென்றவனுக்கு நாய் தானே வசமாகின்றது.

தூய்மை செய்வதிலும் முறை உண்டு. ஈரத்தின்மேல் சாம்பலோ உலர்ந்த மண்ணோ தூவி உறிஞ்சச் செய்து, வாரி எறிந்து, சோப்பு நீரால் நன்கு கழுவி உலர்த்தவேண்டும். கழிவின் மணத்தைச் சிதைக்கும் நொதிகள் கலந்த நீர்மங்களும் கடைகளில் கிடைக்கின்றன. அம்மோனியா கலந்தவற்றைப் பயன்படுத்தலாகாது. சிறுநீரிலும் அம்மணம் உண்டாதலின், அது குட்டியை மீண்டும் அவ்விடத்திற்கே அழைக்கும். வெளுக்கும் தூளை ஈரச் சிறுநீரின்மேல் தூவினால் மூச்சைத் தாக்கும் நச்சுக்காற்று எழக்கூடும், அதனையும் தவிர்க்கவேண்டும்.

பிழையல்லாத பிழைகள்

சில வேளைகளில், பழகிய நாயும் வீட்டில் கழிப்பதுண்டு. அதற்குக் காரணங்கள் பல. சிறுநீர்ப்பையில் நோய் கண்டாலும், குடலில் புழு மிகுந்தாலும், வயிற்றுப்போக்கு உண்டானாலும் அதனால் அடக்க இயலாது. நன்கு பழகிய நாய் திடீரெனத் தவறினால், கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுசெல்வதே முதற்செயலாக இருத்தல் வேண்டும். அஞ்சிய குட்டி, அதட்டும் குரல் கேட்டவுடன் பணிந்து குழைந்து சில துளி சிறுநீர் விடும். அது பணிவின் அடையாளம். அதட்ட அதட்ட மிகுமேயன்றிக் குறையாது. வளர்ந்த ஆண் நாய் தூண்மீதும் சுவர்மீதும் சிறிதளவு கழிப்பது தன் எல்லையைக் குறிக்கும் செயல். முதுமையுற்ற நாயோ, தான் கற்றதையே மறந்துவிடும். பத்தாண்டுகள் வாயில் காத்த நாய் இறுதி நாளில் தரையை நனைத்தால், அதற்குரிய மருந்து பொறுமை ஒன்றே.

வீட்டுக்கு அப்பால்

வீடு தூய்மையானால் போதுமா? வீட்டைக் காத்துத் தெருவைக் கெடுப்பது நல்வழக்கம் ஆகாது. நாயின் குடலில் வாழும் உருண்டைப் புழுவின் முட்டைகள் கழிவுடன் மண்ணில் விழுந்து, சில வாரங்களில் நோய் பரப்பும் தன்மை அடைகின்றன. மண்ணில் விளையாடிய கையைக் கழுவாமல் உண்ணும் சிறுவர் வயிற்றுள் அவை புகுந்தால், ஈரலையும் கண்ணையும் கூடத் தாக்கவல்லவை. கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலையே துளைத்து நுழைகின்றன. களத்தில் தவசம் காயும். அதே களத்தில் பிள்ளைகள் வெறுங்காலுடன் ஓடுவர். ஆதலின், நாயின் கழிவை அன்றன்றே அள்ளி, விளையாடும் இடத்திற்கும் கிணற்றிற்கும் காய்கறிப் பாத்திக்கும் விலகிய குழியில் இட்டு மூடவேண்டும். நகரத்தில் உலாவச் செல்வோர் கையில் ஒரு பையை உடன்கொண்டு சென்று, கழிவை எடுத்து வருதல் கடமை. நாய்க்குக் கற்பிக்கும் தூய்மை, வளர்ப்போரிடமே முடிவு பெறுகின்றது.

குட்டியின் நலமும் இத்துடன் இணைந்ததே. பார்வோ என்னும் கொடிய கழிச்சல் நோய், நோயுற்ற நாயின் கழிவால் பரவுகின்றது. தடுப்பூசிகள் முடியும் வரை, பிற நாய்கள் கழிக்கும் பொது இடங்களுக்குக் குட்டியைக் கொண்டுசெல்லாமல், சொந்த முற்றத்திலோ மண்பெட்டியிலோ பழக்குவது பாதுகாப்பானது. மூன்று மாதம் நிறைந்தவுடன் வெறிநோய்த் தடுப்பூசியும், பின்னர் மருத்துவர் கூறும் காலந்தோறும் அதன் தொடர் ஊசியும் இடவேண்டும். குடற்புழு நீக்கும் மருந்தும் அவ்வாறே முறை தவறாது கொடுக்கப்படவேண்டும். தெருவில் கைவிடப்பட்ட நாய்க்கு இவற்றுள் ஒன்றும் கிடைப்பதில்லை. அது தானும் துன்புற்று, ஊருக்கும் அச்சமாகின்றது. ஒரு வீட்டில் கற்பிக்கத் தவறிய சிறு பழக்கம், ஊர் முழுவதற்கும் கவலையாய் முடிவது இவ்வாறேயாகும்.

பொறுமையுடன் பழக்கினால், பெரும்பாலான குட்டிகள் நான்கு முதல் ஆறு மாதங்களில் இவ்வொழுக்கத்தில் உறுதி பெறுகின்றன. சிலவற்றிற்கு ஓராண்டும் ஆகலாம். அக்காலத்தில் கற்பது குட்டி மட்டும் அன்று. குறித்த நேரத்தில் எழுதல், சொல்லாத குறிப்பை உணர்தல், பாராட்டத்தக்கதை உடனே பாராட்டுதல், சினத்தை அடக்குதல், செய்த அழுக்கைத் தம் கையாலேயே தூய்மை செய்தல் ஆகிய நற்பழக்கங்களை வளர்ப்போரும் கற்கின்றனர். ஒரு குட்டியை வீட்டிற்குக் கொண்டுவர விரும்பும் மாணவர், அதன் அழகையும் ஓட்டத்தையும் எண்ணுமுன், நள்ளிரவில் ஒரு முறை எழத் தம்மால் இயலுமா என்று தம்மையே வினவிக்கொள்ளவேண்டும். இயலும் என்பவர் கொண்டுவரட்டும். இயலாது என்பவர் கொண்டுவராமல் இருப்பதும் அவ்வுயிர்க்குச் செய்யும் நன்மையே. நாய் நன்றி மறவாதது என்பதை உலகம் அறியும். அந்நன்றிக்கு உரியவராகத் தம்மை ஆக்கிக்கொள்வது மனிதர் கடமையாகும்.